அத்தான் சத்தம் கூட்டிய கதை

என் அக்கா புருஷன் குடிநீர் வழங்கும் அலுவலகம் ஒன்றில் முப்பத்து மூன்று வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். குழாய், வால்வு, வாஷர், போல்ட் எல்லாம் அவருடைய அறைக்குள்தான் கிடக்கும். அந்த அறைக்கு இரண்டு பூட்டு. அதனால் ஆபீசில் அவருக்கே ‘பூட்டு’ என்று பேர். பழைய வாஷரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தால்தான் புது வாஷர் கையை விட்டுப் போகும். ஒரு தடவை ஒரு ஃபிட்டர், “பழசு தண்ணியோட அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு சார்” என்று தலையைச் சொறிந்தானாம். “அப்ப அந்தத் தண்ணியைப் புடிச்சுக்கிட்டு வா” என்று இவர் திருப்பி அனுப்பினாராம். இதை அத்தானே எங்களிடம் பெருமையாகச் சொல்வார். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை என்றால் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்வார். ஒழுகின வீட்டில் எத்தனை நாள் ஒழுகியது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

ஓய்வு பெற்றதும் மனிதருக்குப் பூட்டி வைக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஆபீசில் கொடுத்த பணத்தில் ஒரு பெரிய டிவி, அதோடு ஓர் ஆம்ப்ளிஃபயர், ஐந்து ஸ்பீக்கர் என்று வாங்கிப் போட்டார். இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டில் ஐந்தாவது ஸ்பீக்கருக்கு இடம் கிடைக்காமல் அது செருப்பு அலமாரியின் மேல் ஏறி உட்கார்ந்தது. டிவிக்கு ஒரு ரிமோட், ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, டிஸ்க் பிளேயருக்கு ஒன்று. நாலும் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள். கூடை அவர் நாற்காலியின் கைப்பிடியில். அந்தக் கூடைக்குள் இன்னொரு கை போய் நான் பார்த்ததில்லை.

நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அக்கா மூன்றாம் மாடி. கூட்டம் இல்லாத நேரத்தில் மேலே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவது வழக்கம். அதனால் நடந்த கூத்தில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அக்கா சொன்னாள்.

ஒரு நாள் மேலே போனபோது அத்தான் கையில் பெரிய ரிமோட் ஒன்று. கரண்டிக் காம்பு நீளம் இருக்கும். தலையில் நான்கு பொருளுக்கும் நான்கு பட்டன்.

“நாலும் இதுக்குள்ள அடக்கம். இனிமே இந்த வீட்டுக்கு ஒரே ரிமோட்தான்” என்றார். சட்டசபையில் மசோதா நிறைவேற்றுகிற குரல்.

பழைய நான்கிலிருந்தும் பேட்டரியைக் கழற்றினார். நான்கையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சாவி இடுப்புக்குப் போயிற்று. புது ரிமோட்டோடு வந்த குறிப்புத் தாளை, நன்றாகக் கனமாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் சொருகினார்.

“அதைப் படிக்க வேண்டாமா அத்தான்?”

“படிச்சுத் தெரிஞ்சுக்கறதுக்கு நான் என்ன ஸ்கூல் பையனா? கடைக்காரர் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டார்.”

கடைக்காரர் சேனல் மாற்றவும், எல்லாவற்றையும் போடவும், அணைக்கவும் சொல்லிக் கொடுத்திருந்தார். அது சரியாக வேலை செய்தது. பிறகு அத்தான் சத்தத்தைக் கூட்டுகிற பட்டனை அமுக்கினார். டிவி திரையின் ஓரத்தில் பச்சைக் கோடு ஏறியது. சத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“சத்தம் ஏறுதா?”

“கோடு ஏறுது” என்றாள் அக்கா.

“கோடு ஏறினா சத்தமும் ஏறும்.”

“ஏறலையேங்க.”

“உனக்குக் காது மந்தம்.”

விஷயம் வேறொன்றுமில்லை. டிவிக்குள் இருக்கும் ஸ்பீக்கரை இவரே முன்பே அணைத்துவிட்டிருந்தார். சத்தம் வருவது ஆம்ப்ளிஃபயர் வழியாக. தலையில் உள்ள டிவி பட்டனை அமுக்கியிருந்ததால் ரிமோட்டின் சத்தப் பட்டனோ டிவியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ‘நீ இனிமேல் ஆம்ப்ளிஃபயரோடு பேசு’ என்று அந்தப் பட்டனுக்கு ஒரு தடவை சொல்லி வைக்க வேண்டும். அதைத்தான் அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்பது ஸ்பீக்கர் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

பீரோவைத் திறந்து பழைய ஆம்ப்ளிஃபயர் ரிமோட்டை எடுத்திருக்கலாம். ஆனால் மசோதா நிறைவேறிவிட்டதே. அதனால் புது ஏற்பாடு வந்தது. ஆம்ப்ளிஃபயரின் முகத்தில் திருகுகிற ஒரு குமிழ் உண்டு. அத்தான் நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுப்பார். அக்கா சமையலறையிலிருந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அந்தக் குமிழைத் திருகுவாள்.

“கொஞ்சம் கூட்டு. இன்னும். போதும் போதும், ஊரையே எழுப்பிடுவ போலிருக்கு. குறை. அவ்வளவா குறைக்கச் சொன்னேன்?”

விளம்பரம் வந்தால் குறைக்க வேண்டும். செய்தி வந்தால் கூட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பத்துத் தடவை. இப்படி ஒன்பது நாள். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா இந்த மனிதருக்கு? நான் கேட்டே விட்டேன்.

“அத்தான், அந்த ரிமோட்டை வாங்கினது நீங்க எழுந்திருக்காம இருக்கவா, அக்காவை ஓட வைக்கவா?”

“மெஷின் செட் ஆகறதுக்கு நாள் ஆகும். புதுச் செருப்பு கடிக்கறதில்லையா?” என்றார்.

பத்தாவது நாள் கடையிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். தோளில் பை, காதில் பேனா. நானும் அப்போது அங்கே இருந்தேன். வந்தவள் ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள்.

“சின்ன வேலைதான் சார். ரிமோட்டைக் குடுங்க.”

அத்தான் ரிமோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “நீ வாயால சொல்லும்மா. நான் அமுக்கறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“சரி சார். ‘செட்டப்’னு இருக்கு பாருங்க, அதை அமுக்கிப் பிடிங்க. சிவப்பு லைட்டு ரெண்டு தடவை சிமிட்டும். சிமிட்டினதும் கையை எடுத்துட்டு ஒன்பது, ஒன்பது, மூணு.”

அத்தான் அமுக்கினார். விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது.

“பார்த்தியா, சிமிட்டுது. எங்க ஸ்டோர்ல ஒரு மோட்டார் இருந்துச்சு, அதுலயும் இப்படித்தான் ஒரு சிவப்பு லைட்டு. அது சிமிட்டினா ஒருத்தனும் கிட்ட போக மாட்டான். நான்தான் போவேன்...”

விளக்கு அணைந்தது.

“சார், பத்து செகண்டுக்குள்ள அடுத்த பட்டனை அமுக்கணும். இல்லேன்னா அது விட்டுடும். மறுபடியும் முதல்லேருந்து பண்ணுங்க.”

மறுபடியும் செட்டப். மறுபடியும் சிமிட்டல். ஒன்பது, ஒன்பது, மூன்று என்று இந்தத் தடவை அமுக்கிவிட்டார். “இப்ப சத்தம் கூட்டற பட்டன் சார், அப்புறம் ஆம்ப்ளிஃபயர் பட்டன்” என்று அவள் அவசரப்படுத்தினாள். அத்தான் விரலைத் தூக்கினார். “இந்த மூணு நம்பரை யார் முடிவு பண்றாங்க? ஏன், ஒண்ணு ரெண்டு மூணுன்னு வச்சா ஆகாதா? ஜனங்களுக்குச் சுலபமா இருக்குமில்ல?” விளக்கு அணைந்தது.

எண்ணிப் பார்த்தேன். ஏழு தடவை. ஏழு தடவையும் ஏதாவது ஒரு படியில் அவருக்கு ஒரு கருத்து வந்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லாம் வாஷருக்காக இவர் பேச்சைக் கேட்டுத் தொலைத்தார்கள். சிவப்பு விளக்குக்கு வாஷர் தேவையில்லை. அது பாட்டுக்கு அணைந்துகொண்டே இருந்தது.

கடைசியில் அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டாள். “ரிமோட்டுல ஒரு குறையும் இல்லை சார்” என்றாள். ‘ரிமோட்டுல’ என்ற இடத்தில் லேசாக ஓர் அழுத்தம். அத்தானுக்கு அது எட்டவில்லை.

“அனுபவம் பத்தாது. சின்னப் பொண்ணு” என்றார் கதவைச் சாத்திவிட்டு.

அக்கா சமையலறை வாசலில் நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். மாத்திரைப் பெட்டிக்குள் கொசகொசவென்று எழுத்து அச்சடித்த ஒரு தாளை எட்டாக மடித்து வைப்பார்களே, அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா, அளவு மாறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு புள்ளி தவறினால் ஒரு வண்டிச் சரக்கையே நிறுத்துகிற அதிகாரம் அவளுக்கு இருந்தது. வீட்டில் அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. அத்தான் அதைக் ‘காகிதம் மடிக்கிற வேலை’ என்பார்.

மறுநாள் காலை அத்தான் முடி வெட்டிக்கொள்ளப் போனார். அக்கா ஸ்பீக்கர் ஸ்டாண்டைத் தூக்கி அந்தத் தாளை எடுத்தாள். பிரித்தாள். ஆறு பாஷை, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அவளுக்கு அது பழகின எழுத்து. ரிமோட்டை எடுத்தாள். செட்டப், இரண்டு சிமிட்டல், ஒன்பது, ஒன்பது, மூன்று, சத்தப் பட்டன், ஆம்ப்ளிஃபயர் பட்டன். விளக்கு இரண்டு தடவை சிமிட்டி ‘ஆகட்டும்’ என்றது. கூட்டிப் பார்த்தாள். கூடியது. குறைத்தாள். குறைந்தது. தாளை முன்போலவே மடித்து ஸ்டாண்டின் காலுக்கு அடியில் வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இவருடையது.

அத்தான் திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்து வழக்கம்போல் பட்டனை அமுக்கினார். ஐந்து ஸ்பீக்கரும் ஒன்றாக வாய் திறந்தன.

அன்று சாயங்காலம் நான் போனபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

“பார்த்தியா? நேத்து ஏழு தடவை பண்ணினேன் இல்ல? அது உள்ள போய் மெதுவா வேலை செஞ்சிருக்கு. விடாம முயற்சி பண்ணினா எந்த மெஷினும் நம்ம வழிக்கு வந்துதான் ஆகணும்.”

நான் சமையலறைக்குப் போனேன். அக்கா முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

“நீதானே?”

“கத்தாதே.”

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே அக்கா!”

“சொன்னா ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்காது. ஏன் இறங்கலைன்னு அந்த ஒரு வாரமும் பேசுவாரு. அதை நீயா வந்து கேக்கப் போற? எனக்கு இப்ப எழுந்து எழுந்து போய்த் திருக வேண்டாம். அது போதும்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியது தப்பு.

அத்தான் சும்மா இருந்தாரா? மாடிப்படியில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொன்னார். இந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் நாலைந்து ரிமோட், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாடி இன்ஷூரன்ஸ்காரர் இதே மாதிரி ஒரு ரிமோட்டை வாங்கிக்கொண்டு வந்தார். தையல்காரம்மா வந்தாள். அத்தான் ஒவ்வொரு ரிமோட்டையும் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் இருக்கும். அவருடைய நாற்காலியில் நடந்தது அவ்வளவுதான். “ஆம்ப்ளிஃபயர் என்ன கம்பெனின்னு எழுதி வச்சுட்டுப் போங்க. ஒரு நாள் ஆகும்” என்பார். அவர்கள் போனதும் கூடையில் போடுவார். இரண்டு மணிக்கு அவர் அசந்து தூங்கும்போது அக்கா சமையல் மேடையில் வைத்து முடித்துவிட்டுக் கூடையில் திருப்பிப் போடுவாள். விழித்தெழுந்ததும் அவர் நாலு பட்டனைத் தட்டிப் பார்த்து, விளக்கு எரிவதைக் கண்டு, “ம், ஆயிடுச்சு” என்பார். யார் செய்தது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாரா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தெரியாமல் இருந்தால் முட்டாள். தெரிந்திருந்தால் அதைவிடக் கேவலம். எனக்கு இரண்டும் சம்மதமே.

ஒரு மாதத்தில் அவருக்கு ‘ரிமோட் சார்’ என்று பேர் வந்துவிட்டது. நடையே மாறியது.

அப்போதுதான் ஐந்தாம் மாடி பல் டாக்டர் வந்தார். அவர் வீட்டிலும் புது ஆம்ப்ளிஃபயர். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். டாக்டர் நல்ல மனிதர், ஏதோ மரியாதைக்குக் கேட்டார்: “அம்மாவும் இதெல்லாம் கத்துக்கிட்டாங்களா?”

அத்தான் சிரித்தார். “இவளா? ரிமோட்டை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே இவளுக்குத் தெரியாது டாக்டர். காகிதம் மடிச்சுக்கிட்டு இருந்தவதானே?”

அக்கா டம்ளரை வைத்த கையை எடுக்காமல் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

டாக்டருக்கு ரிமோட்டை விட்டுவிட்டுப் போக மனமில்லை. “நாளைக்குக் காலையில நம்ம வீட்டுக்கே வந்து பண்ணிக் குடுத்துடுங்களேன். பத்து மணிக்கு” என்றார். அத்தானின் சிரிப்பு பாதியில் நின்றது. “அதுக்கென்ன” என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. டாக்டர் மனைவி கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். டாக்டர், அவர் மனைவி, மாமியார், ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரின் தம்பி என்று எல்லாரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் சலவைச் சட்டையில் வந்து நடுவில் நின்றார். முதல் கால் மணி நேரம் ரிமோட்டின் வரலாறு. அடுத்த கால் மணி நேரம் பட்டனை அமுக்கினார். விளக்கு சிமிட்டும். அவர் விளக்கம் சொல்வார். விளக்கு அணையும். அவர் அதற்கும் விளக்கம் சொல்வார்.

நடுவில் ஆம்ப்ளிஃபயர் பட்டனை அமுக்கிவிட்டு, ‘கூட்டு’ என்ற பட்டனை நன்றாக அமுக்கிப் பிடித்தார். ஆம்ப்ளிஃபயர் சொன்னபடி கேட்டது. சத்தம் மளமளவென்று ஏறியது. பதறிப்போய் டிவி பட்டனை அமுக்கிவிட்டுக் குறைத்தார். திரையில் கோடு குறைந்தது. சத்தம் குறையவில்லை. மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அத்தான் செல்போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். அந்த இரைச்சலில் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“நீ கொஞ்சம் மேல வா!”

“எதுக்கு?”

“என் கண்ணாடியை எடுத்துக்கிட்டு வா!”

“கண்ணாடி உங்க மூக்குலதான் இருக்கு. காலையில நான்தானே துடைச்சுக் குடுத்தேன்.”

“அப்ப... சும்மாவாவது வாயேன்!”

“எனக்கு எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாதுங்களே” என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

டாக்டர் மனைவி எழுந்து போய்ச் சுவரில் பிளக்கைப் பிடுங்கினாள். வீடு முழுக்க அமைதி. அந்த அமைதியில் மாமியாரின் தம்பி ஒரே ஒரு தடவை இருமினார்.

“உங்க ஆம்ப்ளிஃபயர் சரியில்லை டாக்டர். மாத்திடுங்க” என்றார் அத்தான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் எப்போதும் கோணல்தான்.

வீட்டுக்குப் போன பிறகு என்ன நடந்தது என்பது அக்கா சொன்னது. அன்று முழுக்க அத்தான் டிவி போடவில்லை. சாப்பிட்டார், சோறு நன்றாகவே இறங்கியது. சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம்.

“அது எப்படி உனக்கு மட்டும் ஆகுது?”

“பத்து செகண்டு பேசாம இருப்பேன்.”

அவர் திரும்பி நாற்காலிக்கே போய்விட்டாராம். இதைச் சொல்லும்போது அக்கா சிரிக்கவில்லை. எனக்குத்தான் கை தட்டலாம் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் மனைவி நேராக அக்காவிடமே வந்தாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாரும் சமையலறைப் பக்கமே போகிறார்கள். அக்கா இப்போது சமையல் மேடையில் செய்வதில்லை. கூடத்தில், சாப்பாட்டு மேஜையில், எல்லார் கண் முன்னாலும் உட்கார்ந்து செய்கிறாள். ரிமோட்டோடு வந்த குறிப்புத் தாளைக் கொண்டுவரவில்லை என்றால் திருப்பி அனுப்புகிறாள். அத்தான் வீட்டு ரிமோட்டும் இப்போது மேஜையில்தான் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கிறார்கள்.

இவ்வளவு ஆன பிறகாவது மனிதர் திருந்தியிருப்பார் என்று நினைத்தேன். போன வாரம் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் ரிமோட்டோடு வந்தாள். அக்கா வேலையில் இருக்கும்போது அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நல்லாப் பண்ணுவா. ஆரம்பத்துல எல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன்” என்றார்.

“அத்தான்...” என்று ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் அக்கா என் காலை ஓங்கி மிதித்தாள். மிதித்துவிட்டு, கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பி, பின்மூடியைக் கழற்றி, பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பேச்சு காதில் விழுந்ததாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. கால் வலியோடு படி இறங்கி வந்து கடையைத் திறந்தேன்.